அப்பா அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டா, நம் கார்டிலேயே இருக்கட்டுமா?

அப்பாவுக்கு ஆஞ்சியோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை. எடுக்கலாம் என்று போனால் வருமானச் சான்று வேண்டும் என்கிறார்கள். ரேஷன் கார்டில் அப்பாவோடு மகனின் பெயரும் இருக்கிறது, மகனுக்கு மாதம் முப்பதாயிரம் சம்பளம். அங்கேயே நின்றுவிடுகிறது. வெளியே வந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "அப்பவே கார்டைப் பிரிச்சிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை."

உண்மையில் பிரித்தால் பிரச்சினை தீருமா, அல்லது வேறு பிரச்சினை வருமா? இந்தக் கேள்வியோடு பலர் தடுமாறுகிறார்கள். பெற்றோர் ஊரில், பிள்ளை நகரத்தில் இருப்பவர்கள். ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயும் தனித்தனியாகச் சமைப்பவர்கள். ஒரே சட்டியில் உண்டுகொண்டு, உதவித்தொகைக்காக மட்டும் பிரிக்கலாமா என்று யோசிப்பவர்கள். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

## எதை வைத்து முடிவு செய்வது?

பெரும்பாலானவர்கள் அரிசியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் மருத்துவத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அரிசியில் வரும் லாபநஷ்டம் மாதம் சில நூறு ரூபாய். ஆஸ்பத்திரியில் வருவது லட்சங்கள். ஆகவே என் வரிசை இது:

1. அடுப்பு. யார் எங்கே சமைக்கிறார்கள்? விசாரணைக்கு வருபவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.
2. மருத்துவக் காப்பீட்டின் வருமான வரம்பு.
3. மாத உதவித்தொகைகள்: முதியோர் ஓய்வூதியம், மகளிர் உரிமைத்தொகை.
4. கடைக்குப் போய் விரல் வைக்கப் போவது யார்?
5. அரிசி, பருப்பு, பாமாயில்.
6. அலைச்சலும், இடையில் கார்டே இல்லாமல் இருக்கப்போகும் காலமும்.

சொத்து இந்தப் பட்டியலில் இல்லை. "கார்டைப் பிரிச்சா பாகம் பிரிச்ச மாதிரி ஆயிடுமா?" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆகாது. வாரிசுரிமை உறவை வைத்து வருவது, ரேஷன் கார்டை வைத்து அல்ல. கார்டில் பெயர் இல்லாத மகனும் மகன்தான், கல்யாணமாகிப் போன மகளும் மகள்தான். இந்தப் பயத்தை மட்டும் வைத்து முடிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

## கார்டில் இருக்கும் எழுத்துகள்: கொஞ்சம் பின்னணி

1997ல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது, தமிழ்நாடு அனைவருக்கும் என்ற முறையை விடவில்லை. 2013ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் மாநிலம் எதிர்த்தே நின்றது. கடைசியில் 2016 நவம்பர் 1 முதல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் எல்லோருக்கும் அரிசி என்பதைக் கைவிடாமல். சட்டப்படி மத்திய ஒதுக்கீட்டுக்குள் வருபவர்கள் சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர், அதாவது 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகையில் பாதி. மீதிப் பேருக்கான சுமையை மாநிலம் தாங்குகிறது.

இதனால்தான் கார்டுகளில் இத்தனை ரகம். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. என்.பி.எச்.எச்.-எஸ். சர்க்கரை கார்டு, இதில் அரிசி கிடையாது. என்.பி.எச்.எச்.-என்.சி. எந்தப் பொருளும் இல்லாத கார்டு.

2017 ஜூலையில் மாநில அரசு முன்னுரிமைக் குடும்பத்துக்கான விதிகளை அரசிதழில் வெளியிட்டது. வருமானவரியோ தொழில்வரியோ கட்டுபவர், அரசு ஊழியர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், கார் அல்லது ஏசி வைத்திருப்பவர், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்கு மேல் உள்ளவர் ஆகியோர் வீட்டில் இருந்தால் முன்னுரிமை கிடையாது என்றது. "கார்டே போயிடும்" என்று அன்று பெரிய பரபரப்பு. யாருக்கும் அரிசி நிற்காது என்று அரசு விளக்கம் சொன்னது, நிற்கவும் இல்லை. ஆனால் அந்த விதிகளில் நம் கேள்விக்கான ஒரு விஷயம் இருக்கிறது. தகுதி பார்ப்பது தனி ஆளுக்கு அல்ல, கார்டில் உள்ள முழுக் குடும்பத்துக்கும். மகனின் கார் அப்பாவின் தகுதியைப் பறிக்கும்.

## வழி 1: எல்லோரும் ஒரே கார்டில்

மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று ஆறு பேர் என வைத்துக்கொள்வோம்.

அரிசிக் கணக்கு கார்டின் ரகத்தைப் பொறுத்து மாறும். முன்னுரிமைக் கார்டில் தலைக்கு 5 கிலோ, ஆகவே ஆறு பேருக்கு 30. முன்னுரிமை இல்லாத கார்டில் எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோதான் உச்சவரம்பு. பருப்பும் பாமாயிலும் கார்டு ஒன்றுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர். ஆறு பேர் ஆனாலும் அவ்வளவுதான்.

காப்பீட்டில்தான் இந்த வழி இடிக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்ததை 2022ல் உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் மாதம் பத்தாயிரம்தான். கொத்தனார் வேலைக்கு ஒழுங்காகப் போகிற ஒருவர் வீட்டில் இருந்தாலே அதைத் தாண்டிவிடும். மகன் சம்பளக்காரர் என்றால் பெற்றோருக்கு இந்த வாசல் மூடியதுதான்.

சரி, வருமானம் வரம்புக்குள்ளேயே இருக்கிறது, அட்டையும் இருக்கிறது என்றால்? இந்தக் காப்பீட்டில் கிடைக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. தாத்தாவுக்கு பைபாஸ், அதே ஆண்டில் பேரனுக்கு ஓர் அறுவை சிகிச்சை என்றால் இரண்டும் அதே தொகையிலிருந்துதான் போகும். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது வைத்த விதி, ஒரு கார்டுக்கு ஒரு பெண் என்பது. மாமியாரும் மருமகளும் ஒரே கார்டில் இருந்தால் இருவரில் ஒருவருக்குத்தான். (இதனால் எத்தனை வீட்டில் பேச்சு நின்றது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) வீட்டில் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் இருந்தால் அவருக்கு உரிமைத்தொகை கிடையாது, ஆனால் அதே கார்டில் உள்ள தகுதியான வேறு பெண் விண்ணப்பிக்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆக, பாட்டிக்கு ஓய்வூதியம், மருமகளுக்கு உரிமைத்தொகை என்று ஒரே கார்டிலேயே இரண்டும் வர வழி இருக்கிறது. இதற்காக மட்டும் கார்டைப் பிரிக்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இந்த வழியின் பெரிய வசதி கடைதான். விரல்ரேகை விழாத தாத்தாவை வெயிலில் நிறுத்த வேண்டாம். கார்டில் உள்ள யார் போனாலும் சாமான் வாங்கலாம்.

யாருக்குப் பொருந்தும்: ஒரே வீடு, ஒரே சமையல், மகனின் வேலையிலேயே பெற்றோருக்கும் காப்பீடு இருக்கிறது என்றால் கார்டைத் தொடவே வேண்டாம். குறிப்பாக ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்கள். சம்பளம் மாதம் 21,000க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. வரும், அதில் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். வீட்டில் ஈ.எஸ்.ஐ. இருந்தும் அப்பா அம்மா பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, கார்டைப் பிரிக்க அலைபவர்களைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

## வழி 2: பெற்றோருக்குத் தனி அரிசி கார்டு

இதில் கிடைப்பவை அதிகம். மறைந்திருக்கும் செலவுகளும் அதிகம்.

முதலில் அரிசி. இருவர் உள்ள கார்டானாலும், ஒரே ஆள் உள்ள கார்டானாலும் 12 கிலோவுக்குக் குறையாது. முன்னுரிமை இல்லாத ஆறு பேர் கார்டு பிரிந்தால், மகன் கார்டுக்கு நாலு பேர் கணக்கில் அதே 20 கிலோ நிற்கும், பெற்றோர் கார்டுக்கு இன்னொரு 12 கிலோவாவது வரும். வெளியில் கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் மாதம் 600 ரூபாய். ஆனால் முன்னுரிமைக் கார்டாக இருந்தால், 30 கிலோ பிரிந்து இருபதும் பன்னிரண்டும் ஆகும். இரண்டு கிலோவுக்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, புதிதாக எடுக்கும் கார்டு முன்னுரிமை ரகமாகவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முன்னுரிமைக் கார்டில் இருந்த பெற்றோர் பிரிந்த பிறகு என்.பி.எச்.எச். ஆகிவிட்டால், வெளிமாநிலத்தில் போய் ரேஷன் வாங்கும் வசதி போய்விடும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகளுக்குத்தான். பெங்களூரில் இருக்கும் மகளிடம் ஆறு மாதம் போய் இருக்கும் அம்மாவுக்கு அது முக்கியம்.

அந்தியோதயா கிடைத்தால் 35 கிலோ. ஆதரவில்லாத முதியவர்களும் கணவரை இழந்த பெண்களும் அதன் தகுதிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் மொத்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து மருத்துவம். பெற்றோரின் சொந்த வருமானம் மட்டும் கணக்கில் வந்தால் 1,20,000 வரம்புக்குள் வர நல்ல வாய்ப்பு. தனிக் கார்டு, தனி வருமானச் சான்று, தனிக் காப்பீட்டு அட்டை, தனியாக 5 லட்சம். இதுதான் இந்த வழியின் உண்மையான பலன். ஆனால் வருமானச் சான்று எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் ஊர்க்காரர்களை அறிந்தவர். "பையன் என்ன பண்றான்? பணம் அனுப்புறானா?" என்று கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பெற்றோர் ஊரில் தனியாக இருந்து, நூறு நாள் வேலையும் கொஞ்சம் ஆடு மாடும்தான் பிழைப்பு என்றால் பதில் நேர்மையாக இருக்கும். மகன் வீட்டு ஏசி அறையில் இருந்துகொண்டு "வருமானம் ஏதுமில்லை" என்று எழுதி வாங்குவது வேறு விஷயம். அது தவறான தகவல் தந்து சலுகை வாங்குவது. பின்னால் கள ஆய்வில் தெரியவந்தால் சான்றும் போகும், அதை வைத்து வாங்கியதும் கேள்விக்கு உள்ளாகும்.

முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அது ஆதரவற்ற முதியோருக்கானது என்பதால், சம்பாதிக்கும் மகனின் பெயரும் அதே கார்டில் இருந்தால் விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தனிக் கார்டு அந்தக் கேள்வியை இல்லாமல் ஆக்காது, ஆனால் எளிதாக்கும். ஓய்வூதியம் பெறுபவருக்கு மாதம் 4 கிலோ அரிசியும், பண்டிகைக்கு வேட்டி சேலையும் தனியாக உண்டு.

கடைக்குப் போவதுதான் இந்த வழியின் பலவீனம். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்காது. கருவிழி பார்க்கும் கருவி பல கடைகளில் வந்துவிட்டது. நடக்க முடியாதவர் தன் சார்பில் வாங்க ஒருவரை நியமிக்கலாம், அதற்கான படிவம் கடையிலேயே கிடைக்கும். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம் இந்த இடத்தில் கணக்கையே மாற்றியது. தொடங்கும்போது 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே சாமான் கொண்டுவந்து தருவது என்று இருந்தது, வயது வரம்பைப் பிறகு 65 ஆகக் குறைத்தார்கள். தொடங்கும்போது சொன்ன கணக்கு 70 வயதைத் தாண்டிய சுமார் 20 லட்சம் பேர், கார்டுகள் சுமார் 15 லட்சத்து 80 ஆயிரம். கார்டுக்கு ஒருவர், இருவர் என்று அந்தக் கணக்கிலேயே தெரிகிறது: இது முதியோர் மட்டும் உள்ள கார்டுகளுக்கானது. கடைக்குப் போகக்கூடிய மகனும் மருமகளும் அதே கார்டில் இருந்தால் வண்டி வாசலுக்கு வராது.

மறைந்த செலவுகளுக்கு வருவோம். கார்டைப் பிரிக்க, முதலில் பழைய கார்டிலிருந்து பெற்றோரின் பெயரை நீக்க வேண்டும். ஆதார் ஒரு கார்டில் இருக்கும்வரை இன்னொன்றில் ஏறாது. நீக்கிய பிறகு புதிய கார்டுக்கு விண்ணப்பம், பிறகு வருவாய் ஆய்வாளர் விசாரணை, பிறகு வட்ட வழங்கல் அலுவலரின் ஒப்புதல், பிறகு கார்டு அச்சாகி வர வேண்டும். இந்த இடைவெளியில் பெற்றோர் எந்தக் கார்டிலும் இல்லை. சாதாரணமாகச் சில வாரங்கள், சில மாதங்கள். ஆனால் 2023ல் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது புதிய கார்டு கொடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். பிறகு தேர்தல் வந்தது. ஏறத்தாழ ஒரு வருடம் லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தேங்கின. அந்த வருடம் பெயர் நீக்கிவிட்டுக் காத்திருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். புதிய நிதியுதவித் திட்டம் எதையாவது அறிவித்திருக்கும் சமயத்திலோ, தேர்தல் நெருங்கும்போதோ பிரிக்கத் தொடங்காதீர்கள்.

விசாரணையில் அடுப்பைப் பார்ப்பார்கள். தனி எரிவாயு இணைப்பு இருந்தால் நல்லது. ஒரே கதவிலக்கம், ஒரே அடுப்பு என்றால் நிராகரிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

யாருக்குப் பொருந்தும்: பெற்றோர் வேறு ஊரிலோ, ஒரே ஊரில் வேறு வீட்டிலோ உண்மையாகவே தனியாக இருக்கிறார்கள், மகனுக்கு வரம்பைத் தாண்டிய வருமானம், அவர் வேலையில் பெற்றோருக்குக் காப்பீடு இல்லை. இப்படி இருந்தால் தயங்காமல் பிரித்துவிடலாம், அதுவும் பெற்றோர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே.

## வழி 3: இன்னொரு பிள்ளையின் கார்டுக்கு மாற்றுவது

பலர் இதை யோசிப்பதே இல்லை. சென்னையில் சம்பளம் வாங்கும் தம்பி கார்டில் அப்பா அம்மா இருக்கிறார்கள், ஆனால் வாழ்வது ஊரில் விவசாயம் பார்க்கும் அண்ணனோடு. அண்ணன் வீட்டு வருமானம் வரம்புக்குள்தான், அவரிடம் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. அப்படியானால் புதிய கார்டு எதற்கு? அண்ணன் கார்டில் பெயர் சேர்த்தால் போதும். காப்பீட்டுத் திட்டத்தின் குடும்ப வரையறையில் சார்ந்திருக்கும் பெற்றோரும் வருகிறார்கள். பெயர் சேர்ப்பது புதிய கார்டை விட எளிது.

குறை என்னவென்றால், 5 லட்சத்தை அண்ணன் குடும்பத்தோடு பங்கிட வேண்டும். அண்ணன் கார்டு முன்னுரிமை இல்லாததாக இருந்து ஏற்கெனவே 20 கிலோவைத் தொட்டிருந்தால் அரிசி ஒரு கிலோகூட ஏறாது. அப்புறம் அண்ணியின் சம்மதம். அது எந்த விதிமுறையிலும் எழுதப்படவில்லை, ஆனால் அதைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

## வழி 4: சர்க்கரை கார்டு, பொருளில்லா கார்டு

"நாங்க ரேஷன் அரிசி சாப்பிடறதில்லை, அதை ஏன் வாங்கிக்கிட்டு" என்று நல்ல எண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். மதிக்க வேண்டிய எண்ணம். ஆனால் பல ஆண்டுகளில் பொங்கல் ரொக்கமும், 2021ல் கொரோனா நிவாரணமாக இரண்டு தவணையில் கொடுத்த 4,000 ரூபாயும் அரிசி கார்டுக்குத்தான் போயின. 2019 நவம்பரில் சர்க்கரை கார்டை அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசே அவகாசம் கொடுத்தது. அப்போது சர்க்கரை கார்டு வைத்திருந்தவை சுமார் 10 லட்சம் குடும்பங்கள். வயதான பெற்றோருக்கு எடுக்கும் தனிக் கார்டில் இந்த ரகத்தைத் தேர்வு செய்ய ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. வசதியான பிள்ளை தன் கார்டுக்குத் தேர்வு செய்தால் நல்லது.

## ஒரே பார்வையில்

| | ஒரே கார்டு | பெற்றோருக்குத் தனி அரிசி கார்டு | வேறு பிள்ளையின் கார்டு |
|---|---|---|---|
| முதல்வர் காப்பீடு | மகனின் வருமானமும் சேரும் | பெற்றோரின் வருமானம் மட்டும் | அந்தப் பிள்ளையின் வருமானத்தைப் பொறுத்தது |
| 5 லட்சம் | எல்லோருக்கும் பொது | பெற்றோருக்குத் தனியாக | அந்தக் குடும்பத்தோடு பொது |
| அரிசி (என்.பி.எச்.எச்.) | உச்சம் 20 கிலோ | கூடுதலாக 12 கிலோவாவது | பெரும்பாலும் ஏறாது |
| அரிசி (பி.எச்.எச்.) | தலைக்கு 5 கிலோ | சிறிய லாபம் | தலைக்கு 5 கிலோ |
| உரிமைத்தொகை | ஒருவருக்கு | தகுதி இருந்தால் இரு கார்டிலும் | ஒருவருக்கு |
| வீடு தேடி ரேஷன் | வராது | வயது வரம்பைத் தாண்டிய முதியோர் மட்டும் இருந்தால் வரும் | வராது |
| அலைச்சல் | இல்லை | அதிகம் | குறைவு |
| கார்டில்லா இடைவெளி | இல்லை | மாதக்கணக்கில் ஆகலாம் | குறுகியது |

## காப்பீட்டுக்காக மட்டும் பிரிக்க நினைத்தால்

கார்டைப் பிரிக்காமலே மருத்துவத்துக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

70 வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. வருமான வரம்பு கிடையாது, வயதுக்கு ஆதார்தான் சான்று, ஆண்டுக்கு 5 லட்சம். விதிப்படி மகனின் சம்பளம் இதில் குறுக்கே நிற்காது. அப்பாவுக்கு 71 வயது என்றால் கார்டைத் தொடும் முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும், அதுவும் நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே. அட்டை கையில் இருப்பது ஒன்று, அந்த மருத்துவமனை அதை ஏற்பது இன்னொன்று.

தனியார் பாலிசி எடுக்க வயது ஒரு தடையாக இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து 65 வயது என்ற உச்சவரம்பு விதியில் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மூத்த குடிமக்களுக்கு ஒரே ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற, நிறுவனங்கள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் போக வேண்டும். இவ்வளவு இருந்தும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள 66 வயதுக்காரருக்குப் பிரீமியம் கசக்கத்தான் செய்யும். மூன்று ஆண்டு கட்டிக் காத்திருக்க முடிந்தவர்களுக்கே இது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை என்பவருக்கு இதனால் பயனில்லை.

முதல்வர் காப்பீடு எல்லாவற்றுக்கும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அதில் சேர்ந்த மருத்துவமனையில், முன் அனுமதி வாங்கிச் செய்வது. வெளிநோயாளியாகப் போய் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கே ஒதுக்கப்பட்டவை. ஆனால் மாத்திரைக்குக் கார்டே தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டத்திலும் கார்டு பார்ப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் எந்தக் கார்டு என்று கேட்டு யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை.

## பிரிப்பது என்று முடிவாகிவிட்டால்

பெற்றோரில் யாருக்காவது அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தால், பழைய கார்டில் காப்பீடு ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும்வரை பெயரை நீக்காதீர்கள். புதிய முகவரிக்கு ஆதாரை முதலில் மாற்றுங்கள், விண்ணப்பத்தில் ஒரு முகவரியும் ஆதாரில் வேறொன்றும் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். எரிவாயு இணைப்பு ரசீது, வீட்டுவரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாம் பெற்றோர் இருக்கும் முகவரிக்கு இருக்கட்டும். பெயர் நீக்கியதற்கான ஒப்புகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய விண்ணப்பத்தில் குடும்பத் தலைவராக அம்மாவைப் போடலாம். விசாரணைக்கு வருவதாகச் சொல்லும் நாளில் பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டும். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் விண்ணப்பம் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும்.

கார்டு கைக்கு வந்த அன்றே வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். காப்பீட்டு அட்டை தானாக வராது. வருமானச் சான்று வாங்கி, புதிய ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் தனியாகப் பதிய வேண்டும். புதிய கார்டில் ஆறு மாதம் அரிசி வாங்கிவிட்டு, நெஞ்சுவலி வந்த பிறகு இதற்கு ஓடுபவர்கள்தான் அதிகம்.